பல் பிடுங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

8,500 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இருக்கும் ஒரு தனியார் பல் கிளினிக்கில் கீழ் ஞானப்பல்லை எடுத்தேன். "பல் படுத்துக் கிடக்கு, கீறித்தான் எடுக்கணும்" என்று எக்ஸ்ரேயைக் காட்டினார் டாக்டர். நான் தயங்கியதும் கார்டைத் திருப்பி, பின்பக்கம் தன் செல் நம்பரைப் பேனாவால் எழுதினார். "ராத்திரி ரெண்டு மணின்னாலும் எனக்கே கூப்பிடுங்கம்மா." அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் 8,500ஐக் கட்டினேன்.

கிளம்பும்போது அங்கிருந்த பெண், "இன்னைக்கு ராத்திரியே உப்புத் தண்ணி வச்சு நல்லா கொப்புளிச்சுத் துப்புங்கக்கா, புண்ணு சீக்கிரம் ஆறிடும்" என்றாள். அப்படியே செய்தேன்.

வியாழன் ராத்திரி ஆரம்பித்தது. தாடையில் கிளம்பி காதுக்குள் ஏறி நெற்றிப்பொட்டு வரை தெறித்தது. வாயில் ஒரே நாற்றம். செல்போன் டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். ரத்தக்கட்டி எதுவும் இல்லாமல் குழி காலியாக இருந்தது, அடியில் வெளுப்பாக எலும்பு. அந்த நம்பருக்கு ஆறு முறை அடித்தேன். எடுக்கவே இல்லை.

சனிக்கிழமை நேரில் போனேன். வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை. "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று வேறு ஆன்டிபயாடிக் எழுதினார். விடாமல் கேட்டதும், "ஸ்ட்ரா போட்டு ஏதாவது குடிச்சிருப்பீங்க" என்று பழியை என் மேல் போட்டார். சுத்தம் செய்ய இன்னொரு 1,500 ஆகுமாம்! 8,500 வாங்கியவர் சொல்கிற பேச்சா இது?

திங்கட்கிழமை ரயிலேறி, சென்னை கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். ஒரு இளம் டாக்டரம்மா எட்டிப் பார்த்ததுமே "ட்ரை சாக்கெட்" என்றார், அதாவது ரத்தக்கட்டி போய் எலும்பு வெளியே தெரிகிற குழி. சலைன் விட்டுக் கழுவி, கிராம்பு எண்ணெய் வாசனையடிக்கும் மருந்தை வைத்தார். கொஞ்ச நேரத்தில் வலி பாதியாகிவிட்டது. நாலு நாள் நான் அழுததெல்லாம் இந்தக் கொஞ்ச நேர வேலைக்காகத்தான்.

குழியில் உறைகிற ரத்தம்தான் எலும்புக்கு மூடியாம். அது பெயர்ந்துவிடும் என்பதால் முதல் 24 மணி நேரம் கொப்புளிக்கவே கூடாதாம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்கு இது வரும் என்றும் சொன்னார். சரி, வந்ததற்காக நான் சண்டை போடவில்லை. தப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டு, வலியோடு திரும்பி வந்தவளைத் துரத்தினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று காலை 8,500க்குப் பில் கேட்டேன். "டாக்டர் வேற பிராஞ்ச்ல இருக்காருக்கா, அப்புறம் வாங்க." கையில் இருப்பது அந்தக் கார்டு மட்டும்தான்.

பல் எடுத்து 24 மணி நேரம் ஆகும்வரை கொப்புளிக்காதீர்கள், ஓங்கித் துப்பாதீர்கள், ஸ்ட்ராவும் சிகரெட்டும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறையாமல் ஏறினால் மாத்திரையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் குழியைக் கழுவி மருந்து வைக்கச் சொல்லுங்கள். பணம் கட்டும்போதே பில்லைக் கையில் வாங்கிவிடுங்கள்.