வழக்குப் போடுகிறோம் என்று ஊர்ப் பணம் 78,000 ரூபாயை வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்: சோலார் பிரச்சினை உள்ள ஊர்க்காரர்கள் கவனிக்கவும்

நேற்று மதியம்தான் உறுதியாகத் தெரிந்தது. எங்கள் ஊர் ஓடையையும் பாதையையும் அடைத்த சோலார் நிலையத்துக்கு எதிராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் எந்த வழக்கும் தாக்கலாகவில்லை. 78,000 ரூபாய் போய்விட்டது. என் சொந்தப் பணமாக இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இது 52 வீடுகளில், வீட்டுக்கு 1,500 ரூபாய் என்று வாசல் வாசலாகப் போய் நான் கைநீட்டி வாங்கிய பணம். ஒரு பெரியம்மா மிளகாய் மூட்டைக்குள் வைத்திருந்த நோட்டுகளை எடுத்துத் தந்தார். எண்ணும்போதே நெடி ஏறி எனக்குத் தும்மல் வந்தது. அந்த நோட்டுகளும் போய்விட்டன.

விவரம் சொல்கிறேன். எங்களுடையது தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் கிராமம். உளுந்து, பாசி, மிளகாய், மல்லி என்று எல்லாம் மானாவாரி. புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்ப்போம். இரண்டு ஆண்டுகளாகச் சோலார் மின் நிலையத்துக்காகத் தரகர்கள் வந்து, வெளியூரில் குடியேறிவிட்டவர்களின் நிலங்களைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தார்கள். ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் தேவைப்படும் தொழில் இது. 2016இல் கமுதியில் வந்த 648 மெகாவாட் நிலையத்துக்குச் சுமார் 2,500 ஏக்கர் ஆனது. எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை. ஆனால் வாங்கிய நிலத்தைச் சுற்றி வேலி போட்டபோது, விற்காதவர்களின் புஞ்சைக்குப் போகும் வண்டிப்பாதையும் வேலிக்குள் போய்விட்டது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். ஆடு மேய்ப்பவர்கள் இப்போது சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

சூரிய மின்சாரமே வேண்டாம் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. ஓடையை அடைக்காதே, பாதையை மறிக்காதே என்றுதான் கேட்டோம். சூரிய மின்தகடு நிலையங்களுக்கு முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. அதனால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. பொக்லைன் வந்து நின்ற பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். மனுவை வாங்கிக்கொண்டார்கள், பொக்லைன் நிற்கவில்லை. மழைக்கு முன்பு தடை உத்தரவு வாங்கிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் இருந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் என் கைப்பேசியில் வந்தது.

கைப்பேசிச் செயலி வழியாக வழக்கறிஞர் சேவை தருவதாகச் சொல்லும் நிறுவனம் அது. புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. பதிவு செய்த ஒரு மணி நேரத்தில் "சட்ட ஆலோசகர்" என்று ஒருவர் வீடியோவில் வந்தார். நான் ஓடைக்கரையிலேயே நின்று மண்மேட்டைக் காட்டினேன். அவர் பார்த்தவுடனே, "அண்ணாச்சி, இது வரத்துக்கால்தானே? புலப்படத்தில் ஓடை என்று இருக்கிறதா? 'அ' பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால் போதும், நீதிமன்றம் சும்மா விடாது" என்றார். புலப்படமும் 'அ' பதிவேடும் அரசின் நில ஆவணங்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையைத்தான் வரத்துக்கால் என்போம். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும் நான் விழுந்துவிட்டேன். அதற்கு முன்பு நான் போய்ப் பார்த்த எவரும் அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ளவில்லை. "என் அம்மா ஊர் கோவில்பட்டிதான், கரிசலைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை" என்றும் சேர்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெரியவர்கள் தலையாட்டினார்கள். பத்து நாட்களில் மனுத் தாக்கல், மூன்றாவது வாரம் இடைக்காலத் தடை. மொத்தம் 78,000 ரூபாய், வேறு செலவே இல்லை என்றார்.

முதலில் 28,000 அனுப்பினேன். நான்கு நாள் கழித்து 50,000. புலப்படம், 'அ' பதிவேட்டு நகல், கிராம சபைத் தீர்மானம், ஐந்து பேரின் ஆதார் நகல் எல்லாவற்றையும் கேட்டார்கள், கொடுத்தேன். ஆதார் நகல்கள் இன்னமும் அவர்களிடம்தான் இருக்கின்றன. அதை நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை.

பத்தாம் நாள் கேட்டேன். "கோப்பு மூத்த வழக்கறிஞரின் மேசையில் இருக்கிறது." பதினைந்தாம் நாள், "அவர் வெளியூர் போயிருக்கிறார்." இருபதாம் நாள் அந்த ஆலோசகர் என் அழைப்பை எடுக்கவில்லை. வேறொரு பெண் பேசினார், என் பெயரையும் ஊரையும் முதலிலிருந்து கேட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய குரல், ஒவ்வொரு குரலுக்கும் நான் ஓடையின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் சத்தம் போட்ட பிறகு ஒரு வழக்கு எண்ணை அனுப்பினார்கள். ஊரே மகிழ்ந்தது. அன்றிரவு நீதிமன்ற இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். வேறு மாவட்டத்தில் யாரோ ஒருவர் ஓய்வூதியத்துக்காகத் தொடுத்த வழக்கு. கேட்டதற்கு, "அது தற்காலிக எண், மாறும்" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "ஆவணத் தயாரிப்புக் கட்டணம் திரும்பத் தரப்படாது, விதிமுறைகளில் இருக்கிறது" என்று ஒரு வரி வந்தது. 78,000 ரூபாய்க்கு அவர்கள் தயாரித்த ஆவணம் என்று ஒரு தாளைக்கூட நான் பார்த்ததில்லை. மறுநாள் செயலியில் என் கணக்கையே முடக்கிவிட்டார்கள்.

நேற்று மதுரையில் ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்தேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "வக்காலத்தில் கையெழுத்துப் போட்டது யார்?" வக்காலத்து என்பது, எங்களுக்காக வாதாடுங்கள் என்று வழக்கறிஞருக்கு நாம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாள். அதில் யாருமே கையெழுத்துப் போடவில்லை. பிரமாணப் பத்திரத்திலும் யாரும் கையெழுத்திடவில்லை. அப்படியொன்று வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. மனுதாரரின் கையெழுத்து இல்லாமல் அவர் சார்பில் வழக்குத் தாக்கலாகாது என்றார் அவர். பணம் கேட்டவர்கள் ஒரு நாளும் கையெழுத்துக் கேட்கவில்லை. வழக்குப் போடும் எண்ணம் முதல் நாளிலிருந்தே அவர்களுக்கு இல்லை.

இதற்கிடையில் மழை இறங்கிவிட்டது. மண்மேட்டுக்கு மேற்கே ஓடைத் தண்ணீர் ஏறி நான்கு பேரின் உளுந்தில் நிற்கிறது. முளைத்து இரண்டு இலை விட்ட பயிர், இப்போது மஞ்சளாகிச் சாய்ந்து கிடக்கிறது. கிழக்கே கண்மாயில் தரை தெரிகிறது. பணத்தைக்கூட மறுபடி சேர்க்கலாம், இந்த ஆறு வாரங்களை யாரிடம் போய்க் கேட்பது?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வக்காலத்தில் கையெழுத்து வாங்காதவருக்கு ஒரு ரூபாய்கூட வழக்குச் செலவு கொடுக்காதீர்கள். வழக்கு எண் கொடுத்தால் அந்த நிமிடமே நீதிமன்ற இணையதளத்தில் மனுதாரர் பெயரைப் பாருங்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இப்படிப்பட்ட இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. எனக்கு இது நேற்றுத்தான் தெரியும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். எங்கள் ஊரில் மனுதாரர்களாக நிற்கக்கூடிய பெண்களே முப்பது பேர் இருக்கிறார்கள். 78,000 ரூபாயும் தேவைப்பட்டிருக்காது. பணம் போனது தெரிந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்கு அழையுங்கள். நாங்கள் ஆறு வாரம் கழித்து அழைத்தோம். புகாரைப் பதிவு செய்தார்கள், வேறு பதில் இன்னும் வரவில்லை.

வசூல் நோட்டை எடுத்துக்கொண்டு இன்று காலை 52 வீடுகளுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். மிளகாய் மூட்டைப் பெரியம்மா திட்டவில்லை. "கையெழுத்து எங்கே போட வேண்டும், சொல், நான் வருகிறேன்" என்று மட்டும் சொன்னார். நாளை காலை முதல் பஸ்ஸில் அவரோடு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போகிறேன்.