ஜீப்பின் 16 அங்குல ஒரிஜினல் ரிம்: 12 வருடம் ஓட்டிய பிறகு

போன மாதம் போடிமெட்டு ஏறுவதற்கு முன்னால், அடிவாரத்தில் ஒரு பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினேன். இடது பின் சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. "தம்பி, இந்தப் பக்கம் லெஃப்ட் மரை, கழற்றும்போது வலது பக்கமாகத் திருப்பணும்" என்று சொல்லிவிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வீல் ஸ்பேனரில் நாலடி பைப் மாட்டியிருக்கிறது, வழக்கம்போல இடது பக்கமாகவே திருப்பியதில் இரண்டு போல்ட் முறிந்து கிடக்கிறது. அந்தப் பையன் முகம் வெளிறி நின்றான். 12 வருடத்தில் எனக்கு இது மூன்றாவது முறை.

அதே வாரம் பழைய சிஜே-3பி ஜீப் ஒன்று வாங்கியிருக்கும் நண்பர் போனில் கேட்டார்: "அண்ணே, ஒரிஜினல் ரிம் அஞ்சு ஒரு இடத்தில் இருக்குதாம். ஒரிஜினல்தானான்னு எப்படிப் பார்க்கிறது? வாங்கலாமா?" அவருக்குப் போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இது.

என் வண்டியும் சிஜே-3பிதான். வண்டியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு 16 அங்குலம், நாலரை அங்குல அகலம், 6.00-16 டயர், ட்யூப், ஐந்து போல்ட் என்பதெல்லாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் வாங்கும்போது முந்தைய உரிமையாளர் 15 அங்குல ரிம்மும் அகல டயரும் போட்டிருந்தார். பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி. போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவு. ஏறி முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரிஜினல் ரிம் தேட ஆரம்பித்தேன்.

காயலான் கடை ஒன்றில் ஐந்து கிடைத்தது. ஐந்தும் ஒரே வண்டியில் இருந்தது, எல்லாம் கம்பெனி ரிம் என்றார் விற்றவர். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. மேலே அடித்திருந்த புது பெயின்டைப் பார்த்து வாங்கிவிட்டேன். எட்டு மாதம் கழித்து, 50 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்ததும்தான் கழற்றி உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தில் மூன்றுதான் ஒரிஜினல். ஒன்று, நடுவில் வெட்டிப் பட்டை வைத்து அகலப்படுத்திய ரிம். இன்னொன்று, வேறு எதன் டிஸ்கையோ (ஓட்டைகள் இருக்கும் நடுத் தட்டு) இந்த வளையத்தில் வைத்து வெல்டிங் செய்தது. அதில்தான் ஆட்டம்.

நண்பருக்கு முதலில் சொன்னது, ஐந்து ஓட்டையும் பொருந்துகிறது என்பதை வைத்து நம்பிவிடாதீர்கள். ஜீப்பின் போல்ட் வட்டம், அதாவது ஐந்து ஓட்டைகளின் மையம் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம், ஐந்தரை அங்குலம் (139.7 மில்லிமீட்டர்). மாருதி ஜிப்ஸியின் வட்டமும் அதுவேதான். அதனால் ஜிப்ஸி ரிம் ஜீப்பில் ஏறிவிடும், நாடு முழுக்க ஏற்றியும் இருக்கிறார்கள். ஐந்து ஓட்டை இருந்தால் எதிரெதிரே வைத்து அளக்கவும் முடியாது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் 82 மில்லிமீட்டர் வர வேண்டும். 97 வந்தால் அது லேண்ட் ரோவர் ரிம், உங்களுக்கு ஏறவே ஏறாது. 82 வந்தாலும், ஏறும் என்று தெரியுமே தவிர ஒரிஜினல் என்று ஆகிவிடாது.

அகலம் அளக்கும்போதும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாலரை அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தின் அளவு. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு டேப் பிடித்தால் ஏறக்குறைய ஐந்தரை காட்டும். ஒருவர் அப்படி அளந்து, இது அகலப்படுத்திய ரிம் என்று முடிவுகட்டி ஒரு நல்ல செட்டை விட்டுவிட்டு வந்தார். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

என் அனுபவத்தில், ரிம்மின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். டயரைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மறுத்தால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடலாம். வளையத்தின் உட்பக்கம் விரலை வைத்துச் சுற்றிலும் தடவுங்கள். தகட்டை வளைத்து இரண்டு முனையையும் சேர்த்துத்தான் வளையம் செய்கிறார்கள், அதனால் குறுக்கே ஒரு இணைப்பு இருக்கும், அது இயல்பு. வட்டத்தோடு சேர்ந்து சுற்றிலும் ஓடுகிற மேடு ஒன்று விரலில் தட்டினால் அது அகலப்படுத்திய ரிம். என்னதான் தேய்த்துப் பெயின்ட் அடித்தாலும் கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்துவிடும். அடுத்து, டிஸ்க் வளையத்தோடு சேரும் இடம். கம்பெனியில் செய்த இணைப்பு ஒரே நீளத்தில், ஒரே இடைவெளியில் இருக்கும். பட்டறையில் கையால் செய்த வெல்டிங் ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, பக்கத்தில் பொறி தெறித்த புள்ளிகளோடு இருக்கும். இதை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் அப்புறம் யாராலும் உங்களை ஏமாற்ற முடியாது.

முத்திரையும் பார்க்கலாம். என் மூன்று ரிம்களிலும் பெயின்டைச் சுரண்டியபோது அளவு பொறித்திருந்தது தெரிந்தது, இரண்டில் வருடமும் படிக்க முடிந்தது. ஆர்சி புத்தகத்தில் இருக்கும் வருடத்தோடு அது ஒட்டி வந்தபோது ஏற்பட்ட சந்தோஷம் சின்னதல்ல. ஆனால் துருவில் முத்திரை அழிந்துபோன நல்ல ரிம்களும் உண்டு. முத்திரை இல்லை என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம்.

சிலர் "போர்க்கால ஜீப் ரிம்" என்று ஒன்றைக் காட்டி இரட்டை விலை கேட்பார்கள். இரண்டு பாதியாக இருக்கும், நடுவில் சுற்றி எட்டு நட் போட்டு இறுக்கியிருக்கும். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்புகளில் 1942-லிருந்து வந்த ரிம் அது. அதற்கு முந்தைய எம்பி-க்களில் ஒரே துண்டு ரிம்தான் இருந்தது. போர்க்கால ரிம் அபூர்வமான பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் மஹிந்திரா இங்கே செய்த சிஜே-3பி-யில் அதைப் போட்டால் அது அந்த வண்டியின் ஒரிஜினல் ஆகாது. பழசாக இருப்பது வேறு, இந்த வண்டிக்கு உரியதாக இருப்பது வேறு. அப்படியே வாங்கினாலும் டயரில் காற்று இருக்கும்போது அந்த எட்டு நட்டில் கை வைத்துவிடாதீர்கள், உயிர் போய்விடும்.

கடைசியாகப் போல்ட் ஓட்டைகள். நட் உட்காரும் இடம் கூம்பாக, சுத்தமான வட்டமாக இருக்க வேண்டும். லூஸ் நட்டோடு ஓடிய ரிம்மில் ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். அது ஒரிஜினலாகவே இருந்தாலும் வேண்டாம்.

சரி, இத்தனை பாடுபட்டுப் போட்டதில் என்ன கிடைத்தது? நிறையவே கிடைத்தது. மீதி இரண்டையும் தேடிப்பிடித்து ஐந்தும் ஒரிஜினலாக மாட்டிய அன்று வளைவில் ஸ்டீயரிங் வேறு வண்டியுடையதுபோல இருந்தது. பயந்து தொடாமல் இருந்த என் மனைவி இப்போது ஏலத் தோட்டம்வரை தனியாக ஓட்டிப் போகிறார். மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் அகல டயர் சேற்றின்மேல் மிதந்து வழுக்கும். இந்த ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடித்துவிடும். பாறையில் மோதி விளிம்பு வளைந்தால் சுத்தியல் போதும். இரண்டு முறை வழியிலேயே தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேர்ந்திருக்கிறேன்.

ஆனால் அந்த இடது மரைத் தொல்லை மட்டும் தீரவில்லை. அது ரிம்மில் இல்லை, வண்டியின் பக்கம் இருக்கும் போல்ட்டில் இருக்கிறது, எந்த ரிம் போட்டாலும் அப்படியேதான். முன்னோக்கி ஓடும்போது இடது பக்கச் சக்கரத்தின் நட் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று நினைத்து அந்தக் காலத்தில் இடது பக்கத்துக்கு மட்டும் எதிர் மரை வைத்தார்கள். கூம்பு நட்டைச் சரியாக இறுக்கினால் எந்த மரையும் கழலாது என்பதால் இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலது மரைதான். அதனால் இன்றைக்குப் பஞ்சர் கடையில் இருக்கும் பிள்ளைகள் பலர் இடது மரையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. கழலவில்லை என்றால் இன்னும் பலமாகத் திருப்புவதுதானே வழக்கம்? ஆனால் அந்த நேரத்துக் கோபம் யாரிடமாவது போகத்தான் செய்கிறது, அன்று அந்தப் பையனிடம் போய்விட்டது. அதற்கு எனக்கு வருத்தம்தான்.

முறிந்த போல்ட்டை மாற்றுவதும் சின்ன வேலை இல்லை. பழைய ஜீப்பில் வீல் போல்ட்தான் ஹப்பையும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பிரேக் டிரம்மையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது, பின்னால் அடித்து நசுக்கிப் பொருத்தியிருப்பார்கள். லேத் பட்டறையில் அதை வெட்டி எடுத்து, புதியதை அழுத்தி ஏற்ற வேண்டும். அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை, அதிலும் லெஃப்ட். தேடினால் உடனே கிடைக்கிற பொருளா? லேத்காரர், "இடது பக்கம் பத்தையும் ரைட் மரையா மாத்திரலாம் சார், எல்லாரும் அதான் செய்யுறாங்க" என்றார். நியாயமான யோசனை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் இரண்டு வாரம் வண்டியை நிறுத்தி வைத்து லெஃப்ட் மரை போல்ட்டையே வரவழைத்தேன். போல்ட் முனையில் "எல்" என்ற எழுத்தைத் தேடிப் பார்த்துத்தான் வாங்கினேன். இப்போது இடது ரிம் இரண்டிலும் எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று மஞ்சள் பெயின்டில் அம்புக்குறி போட்டிருக்கிறேன். பஞ்சர் போட்டால் இனி டீக்கடைக்குப் போவதில்லை, சக்கரத்தின் பக்கத்திலேயே நிற்கிறேன்.

இப்போது நண்பருக்குப் பதில். தினமும் தோட்டத்துக்கு ஆளேற்றி இறக்கும் வண்டி உங்களுடையது. உங்களுக்கு இந்த ரிம் வேண்டாம். ஒவ்வொன்றையும் கழற்றிச் சோதித்து, போலி வந்தால் வேறு தேடி, அதுவரை வண்டியை நிறுத்தி வைத்தால் உங்கள் பிழைப்பும் நிற்கும். உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் 15 அங்குல ரிம்மையே வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டீயரிங் கனத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் வண்டி இல்லாமல் இருந்தவன் என்ற முறையில் இதை மனதாரச் சொல்கிறேன்.

அப்படியும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்தையும் பார்க்கப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். டேப்பும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.