பழுதைச் சரிசெய்யவும் தனிக் காசு: 2016 முதல் ஓர் இசை மென்பொருளுடன்

தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துகிறேன். ஆடி, பங்குனிப் பண்டிகைகளுக்கு முன்னால் அம்மன் பாட்டு, பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கூத்துக் குழுக்களின் பாடல்கள், கிறிஸ்துமஸ் நேரத்தில் சர்ச் பாடல்கள், தேர்தல் வந்தால் ஆட்டோவில் ஓடும் விளம்பரம். இதுதான் என் வேலை. இதற்காக 2016-ல் முழு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். அதன் பெயரைச் சொல்லாமல்தான் எழுதப்போகிறேன். நான் சொல்லவரும் குறை அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்கவில்லை. இசை மென்பொருள் விற்கும் பலரிடம் இருக்கிற வழக்கம் அது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆடியோ எடிட்டிங் அருமை. ஒரு பாட்டுக்காரர் ஐந்து தடவை பாடினால் ஐந்திலிருந்தும் நல்ல வரிகளை எடுத்து ஒட்டுவதை இவ்வளவு வேகமாக வேறு எதிலும் என்னால் செய்ய முடிந்ததில்லை. மிக்ஸர் தெளிவாக இருக்கும். எட்டு ஜிபி ரேம் இருந்த என் பழைய கம்ப்யூட்டரிலேயே நாற்பது ட்ராக் வரை திணறாமல் ஓடியது. ஒலியைச் சீர்செய்ய அதோடு வருகிற கம்ப்ரஸரும் ஈக்யூவும் போதும். பிளக்-இன் என்கிற துணை மென்பொருளைத் தனியாக வாங்கவேண்டிய தேவை எனக்கு வந்ததே குறைவு.

குறை எங்கே தெரிந்தது என்றால், எக்ஸ்போர்ட்டில், அதாவது முடித்த பாட்டை ஒரே ஆடியோ ஃபைலாக வெளியே எடுக்கும்போது.

எங்கள் ஊர்ப் பாட்டு மெட்ரோனோமின் சீரான க்ளிக்குக்குக் கட்டுப்படாது. பம்பைக்காரரிடம் ஹெட்போனைக் கொடுத்து மெட்ரோனோமுக்கு அடிங்க என்றால் அந்த அடியில் உயிர் இருக்காது. அதனால் பம்பையையும் குரலையும் அவர்கள் போக்கில் பதிவு செய்துவிட்டு, பிறகு பாட்டின் வேகத்தைக் குறித்துவைக்கும் மென்பொருளின் டெம்போ ட்ராக்கை அவர்கள் தாளத்துக்கு ஏற்ப வளைத்துக்கொள்வேன். பல்லவியில் நிமிடத்துக்கு 96 அடி, சரணத்தில் 102, கடைசியில் சாமி வருகிற இடத்தில் 130-ஐத் தாண்டும். அந்த டெம்போ ட்ராக்கின் மேல் மிடியில், அதாவது ஸ்வரங்களைக் குறித்துக்கொடுத்து மென்பொருளையே வாசிக்கவைக்கும் முறையில், ஆர்மோனியம், ஸ்ட்ரிங்ஸ், கொஞ்சம் கீபோர்டு சேர்ப்பேன். ஸ்டுடியோவில் ப்ளே செய்து கேட்டால் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும்.

ஒரு மாரியம்மன் பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது பம்பை வாசித்த வாத்தியார் கூப்பிட்டார். "தம்பி, கடைசியில பம்பை தனியா ஓடுது, ஆர்மோனியம் பின்னாடி நொண்டிக்கிட்டு வருது. நான் அடிச்சது இப்படி இல்லியே" என்றார். "இங்க கேட்டப்ப சரியாத்தானே இருந்துச்சுங்கண்ணா?" என்றேன். "அங்க சரி. நீ அனுப்புனதுல இல்ல" என்றார்.

அவர் காது பொய் சொல்லவில்லை. எக்ஸ்போர்ட் ஆன வேவ் ஃபைலை அதே ப்ராஜெக்ட்டுக்குள் மறுபடி இழுத்துப்போட்டு, பெரிதாக்கிப் பார்த்தேன். பல்லவியில் இரண்டும் ஒரே கோட்டில் இருந்தன. டெம்போ மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் மிடியில் வரும் ஸ்வரங்கள் துளித் துளியாகப் பின்தங்கிக்கொண்டே போயின. முடிவில் வித்தியாசம் ஏறத்தாழ 1,300 சாம்பிள். நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் அது கிட்டத்தட்ட 30 மில்லிநொடி. ஸ்ட்ரிங்ஸில் இது தெரியாது. பம்பை மாதிரி சுள்ளென்று விழும் தோல்கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் நன்றாகவே தெரியும்.

வேக எக்ஸ்போர்ட்டில் மட்டும்தான் இந்தப் பிசகு. ரியல் டைம் எக்ஸ்போர்ட் வைத்தால் வராது. அதாவது ஏழு நிமிடப் பாட்டுக்கு ஏழு நிமிடம் உட்காரவேண்டும். நடுவில் கம்ப்யூட்டர் கொஞ்சம் தடுமாறினால் அந்த இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் பதிவாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. ஆடி மாதத்துக்கு முன்னால், ஒரே வாரத்தில் மூன்று கோயில்காரர்கள் பென் டிரைவோடு வாசலில் நிற்கும்போது இது சின்ன விஷயமே இல்லை.

நிறுவனத்துக்கு எழுதினேன். வெறும் புகாராக அனுப்பவில்லை. நான்கே ட்ராக் உள்ள ஒரு மாதிரி ப்ராஜெக்ட் செய்து, எந்த பாரில் எவ்வளவு விலகுகிறது என்று படத்தோடு அனுப்பினேன். பதில் மரியாதையாகவே வந்தது: எங்கள் கம்ப்யூட்டரிலும் அதே பிழை வருகிறது, டெவலப்பர்களுக்கு அனுப்பிவிட்டோம், நன்றி. அதன்பிறகு சின்னச் சின்ன அப்டேட்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் முதலில் திருத்தப் பட்டியலில் என் பிழையைத்தான் தேடுவேன். இருக்காது.

பிறகு புதிய பதிப்பு வந்தது. அதன் அறிவிப்பில் புதிய சின்தஸைசர், புதிய நிறங்கள், வீடியோ வசதி. பட்டியலின் அடியில் ஒரே வரி: டெம்போ மாற்றங்கள் உள்ள ப்ராஜெக்ட்களில் எக்ஸ்போர்ட் விலகல் சரிசெய்யப்பட்டது. நான் கொடுத்த மாதிரி ப்ராஜெக்ட்டை வைத்துக் கண்டுபிடித்துச் செய்த அந்தத் திருத்தம் எனக்கு வேண்டுமென்றால் அப்கிரேடு விலை கட்டவேண்டும். பழைய பதிப்புக்கும் இந்தத் திருத்தம் கிடைக்குமா என்று கேட்டேன். அந்தப் பதிப்பின் வேலை முடிந்துவிட்டது, உங்களுக்குத் தள்ளுபடி விலையில் அப்கிரேடு இருக்கிறது என்றார்கள். அந்தப் "பழைய" பதிப்பை முந்தின மாதம் வரை கடையில் முழு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தவர்களும் அவர்கள்தான்.

இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. பம்பையில் தோல் தளர்ந்தால் புதுத் தோல் கட்டக் காசு கொடுக்கிறோம். அடித்து அடித்துத் தேய்ந்தது, நியாயம். மென்பொருள் அப்படித் தேய்வதில்லை. நான் வாங்கிய அன்றே அந்தப் பழுது அதற்குள் இருந்தது. டெம்போ ட்ராக்கும் எக்ஸ்போர்ட்டும் சேர்ந்து வேலை செய்யும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அது வேலை செய்யவைப்பதற்கான காசை நான் ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

புதிய வசதிக்குக் காசு கேட்டால் நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். சின்தஸைசர் எழுதியவருக்கும் சம்பளம் வேண்டும். விண்டோஸும் மேக்கும் மாறிக்கொண்டே இருக்கின்றன; 2019-ல் ஆப்பிள் 32 பிட் என்கிற பழைய வகை மென்பொருள்களை மேக்கில் மொத்தமாக நிறுத்தியது, 2020-ல் சிப்பையே மாற்றியது. அதற்கெல்லாம் ஈடுகொடுத்து மாற்றி எழுதுவது பெரிய வேலை. அந்தச் செலவை நாமும் பகிர்ந்துகொள்ளவேண்டும். அதையும், முதலில் விற்றபோதே இருந்த பிழையையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரே விலை சொல்வதுதான் தவறு. பெட்டியில் எனக்குத் தேவையானது அந்தக் கடைசி வரி மட்டுமே.

விலையையும் சொல்லவேண்டும். தள்ளுபடி போக, ஜிஎஸ்டி 18 சதவீதம், வங்கி பிடிக்கும் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தை ஒட்டி வந்தது. ஓர் அம்மன் பாட்டுக்கு ரெக்கார்டிங், மிக்ஸிங் எல்லாம் சேர்த்து எனக்கு வருவது ஐந்தாயிரம், நல்ல குழு என்றால் ஏழாயிரம். இரண்டு பாட்டின் சம்பாத்தியம் ஒரு வரித் திருத்தத்துக்குப் போகிறது. யூரோவில் சம்பாதிப்பவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். கட்டுவதும் எளிதில்லை: 2020 மார்ச்சுக்குப் பிறகு தரப்படும் டெபிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே கேட்டுத் திறந்தால்தான் உண்டு. மாதச் சந்தா என்றால் இன்னொரு தலைவலி. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பணப்பிடிப்பு விதி வந்தபோது வெளிநாட்டுச் சந்தாக்கள் பலருக்குத் திடீரென்று நின்றுபோயின.

கடைசியில் கட்டினேன். வேலை நிற்கக்கூடாதே.

புதிய பதிப்பில் எக்ஸ்போர்ட் சரியாகிவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். டெம்போ எப்படி ஓடினாலும் ஆர்மோனியம் பம்பையை விட்டு விலகுவதில்லை. ஆனால் புதிதாக ஒன்று முளைத்தது. ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால், ப்ராஜெக்ட்டை மூடித் திறக்கும்போது ஆடியோ ஃபைல்களைக் காணோம் என்கிறது. 'தீர்த்தமலை' என்ற ஃபோல்டரை 'Theerthamalai' என்று ஆங்கில எழுத்தில் மாற்றினால் உடனே எல்லாம் வந்துவிடுகிறது. பழைய பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை. எழுதிக் கேட்டதற்கு, இப்போதைக்கு ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள் என்று பதில். என்னிடம் வருகிற குழுக்களின் பெயர், ஊர்ப் பெயர், சாமி பெயர் எல்லாம் தமிழில்தான் இருக்கின்றன. என் வேலையை என் மொழியில் பெயரிட்டு வைத்துக்கொள்வதைக் கூடுதல் வசதி என்று யாரும் சொல்லக்கூடாது. கூடவே 32 பிட் பிளக்-இன் ஆதரவையும் எடுத்துவிட்டார்கள். பழைய ப்ராஜெக்ட்களில் நான் பயன்படுத்திய இலவச ஆர்மோனியம் பிளக்-இன் போயே போய்விட்டது. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது என்பதால் திரும்பிப்போகவும் வழியில்லை.

மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் இதற்கு வேறு வழியே இல்லை என்று சொல்லமுடியாது. எஃப்எல் ஸ்டுடியோவை ஒருமுறை வாங்கினால் பின்னால் வரும் பதிப்புகள் எல்லாம் கட்டணமில்லாமலே வருகின்றன. ஆப்பிளின் லாஜிக் ப்ரோ 2013-ல் வாங்கியவருக்கு 2024-ல் வந்த 11-ஆம் பதிப்பும் இலவசமாகக் கிடைத்தது. மேக் வாங்கப் பணம் வேண்டும் என்பது வேறு விஷயம். ரீப்பர் என்ற இசை மென்பொருள் 60 டாலர், பெரிய வருமானம் உள்ளவர்களுக்கு 225 டாலர். ஒரு லைசென்ஸ் இரண்டு பெரிய பதிப்புகளுக்குச் செல்லும். 7-ல் வாங்கினால் 8.99 வரை. எதுவரை திருத்தம் கிடைக்கும் என்பதை வாங்குகிற அன்றே எண்ணில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது அந்தத் தெளிவுதான்.

"வாழ்நாள் முழுக்க இலவசம்" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கச் சொல்லமாட்டேன். சோனார் மென்பொருளுக்கு 2016-ல் வாழ்நாள் அப்டேட் விற்றார்கள். 2017 நவம்பரில் அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம் வேலையையே நிறுத்தியது. 2018-ல் பேண்ட்லேப் என்ற நிறுவனம் வாங்கி இலவசமாக விட்டதால் அதைப் பயன்படுத்தியவர்கள் தப்பினார்கள். அதே சமயம், வாடிக்கையாளர் பேசினால் நடக்காது என்பதும் உண்மை இல்லை. 2023 மார்ச்சில் பிளக்-இன் விற்கும் வேவ்ஸ் நிறுவனம் இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில், சில நாட்களிலேயே பழையபடி வாங்கும் முறையைத் திரும்பக் கொண்டுவந்தது.

புதிதாக வாங்குகிறவர்கள் ஒன்றைப் பாருங்கள். விளம்பர வீடியோவை விட்டுவிட்டு, அந்த மென்பொருளின் கடந்த மூன்று நான்கு வருட அப்டேட் குறிப்புகளைப் படியுங்கள். புதிய பதிப்பு வந்தபிறகும் பழையதற்குத் திருத்தம் வந்திருக்கிறதா, எத்தனை மாதம் வந்தது என்று தேதியோடு தெரியும். 2016-ல் இந்தக் கேள்வி எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு என் கடையில் இணையமே இழுத்துப் பிடித்துத்தான் வந்தது, அதைப் பார்க்கும் வசதி இல்லை. பெரிய பதிப்பு வந்த அன்றே தாவாதீர்கள். பதிப்பு எண்ணில் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் ஏறட்டும். பழைய பதிப்பின் இன்ஸ்டாலரை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். முடிந்த பாட்டை ப்ராஜெக்ட்டாக மட்டும் விடாமல், ஒவ்வொரு ட்ராக்கையும் முதல் நொடியிலிருந்து வேவ் ஃபைலாக எடுத்து வைத்தால் எந்த மென்பொருளிலும் நாளைக்குத் திறக்கலாம். என் பழைய கூத்துப் பதிவுகளை இப்போது அப்படித்தான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் பாடிய இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை. ஒரு பிளக்-இன் திறக்கவில்லை என்பதற்காக அந்தக் குரல்களை இழக்க நான் தயாரில்லை.

நான் இப்போது செய்வது இதுதான்: கையில் இருக்கும் ப்ராஜெக்ட்கள் முடியும்வரை இந்த மென்பொருளிலேயே முடிப்பேன். புதிதாக வரும் வேலைகளை ரீப்பரில் தொடங்கிவிட்டேன். குரல்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டும் வேலை அதில் இன்னும் எனக்குக் கை பழகவில்லை. டெம்போ மாறும் பாட்டுகள் எக்ஸ்போர்ட்டில் விலகாமல் வருகின்றன, தமிழ் ஃபோல்டர் பெயரும் அப்படியே நிற்கிறது. அடுத்த அப்கிரேடு அழைப்பு போன வாரம் மின்னஞ்சலில் வந்தது. தமிழ்ப் பெயர்ப் பிழை அதன் திருத்தப் பட்டியலில் இருக்கிறது. இந்தத் திருத்தத்தை நான் வாங்கிய பதிப்புக்கே கொடுங்கள், புதிய சின்தஸைசர் வேண்டும்போது அதற்குத் தனியாகக் காசு தருகிறேன் என்று பதில் எழுதியிருக்கிறேன்.