கார்னேஷன்: விதையா, பதியமா, தண்டுத் துண்டா?

கார்னேஷன் பல்லாண்டுச் செடிதான். ஆனால் மூன்றாம் ஆண்டு வாக்கில் அடித்தண்டு கட்டையாகி, நடுப்பகுதி வெறிச்சோடி, பூவும் சிறுத்துவிடும். அதனால் இரண்டாம் ஆண்டிலேயே அடுத்த செடியைத் தயார்செய்துவிட வேண்டும். அதற்கு விதை, தண்டுத் துண்டு, பதியம் (கிளையைத் தாயிலிருந்து பிரிக்காமலே மண்ணில் வேர்பிடிக்க வைப்பது) என மூன்று வழிகள் உண்டு. பெரும்பாலானோருக்கு ஏற்றது தண்டுத் துண்டுதான்.

விதையின் பலம் எண்ணிக்கை. 3 மி.மீ. ஆழத்தில் தூவி, 18–20 டிகிரி செல்சியஸில் வைத்தால் 7 முதல் 14 நாளில் முளைத்துவிடும். சாபோ (Chabaud) என்ற கார்னேஷன் வகையில் ஏறக்குறைய ஆறு மாதத்தில் பூ பார்க்கலாம். கலப்பு நிறப் பாத்திக்கு இதுவே போதும். பிடித்த செடியின் விதையை எடுத்து, அதே பூ வரும் என்று காத்திருந்தால்தான் ஏமாற்றம். அடுக்குப் பூச் செடி தன் மகரந்தத்திலேயே கட்டிய விதையில் பாதிதான் தாயைப் போல அடுக்காகப் பூக்கும். ஏறத்தாழ கால் பங்கு ஐந்திதழ் ஒற்றைப் பூவாகவும், மீதிக் கால் பங்கு இதழ் மிதமிஞ்சிப் புல்லிவட்டத்தையே (பூவின் அடியிலுள்ள பச்சை உறை) கிழித்துக்கொண்டு விரியும் பூவாகவும் வரும். நிறமும் தாயைப் போல இருக்காது.

தண்டுத் துண்டில் இந்தச் சிக்கல் கிடையாது. தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே. வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது துண்டை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான். பூந்தண்டின் மேற்பகுதியில் உள்ள பக்கக் கிளைகள் மொட்டு வைக்கத் தயாராகிவிட்டவை. நட்டால் வேருக்கு முன் மொட்டு நீளும். தரையை ஒட்டியவை மெலிந்தவை, மண் தெறித்து நோய் தொற்றியிருக்கவும் கூடும். நடுப்பகுதியில் 10–12 செ.மீ. நீளமும் நான்கைந்து ஜோடி இலையும் உள்ள, மொட்டில்லாத கிளையே சரி. கத்தி வேண்டாம். கையால் பக்கவாட்டில் வளைத்தால் கணுவில் சொடுக்கென்று கழன்றுவரும். ஒரே கத்தியால் செடிக்குச் செடி வெட்டினால் சாறு வழியே ‘கார்னேஷன் மாட்டில்’ (carnation mottle) என்ற வைரஸ் பரவும்.

அடி இலைகளை நீக்கி, வேர் ஊக்கித் தூளில் தொட்டு, பெர்லைட்டோ (இலேசான வெண்ணிற எரிமலைக் கல் துகள்) கழுவிய பருமணலோ நிரப்பிய தட்டில் 2 செ.மீ. ஆழம் மட்டும் ஊன்றுங்கள். ஆழமாகப் போனால் அடி அழுகும். இலை வாடாத அளவுக்குப் பனிபோல நீர் தெளித்தால் போதும். தட்டில் நிரப்பியது சொதசொதவென்று இருக்கக் கூடாது. மூன்று, நான்கு வாரத்தில் வேர் 2 செ.மீ. நீண்டதும் எடுத்து, தட்டில் இருந்த அதே ஆழத்தில் நடுங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல் நோய் உள்ளே இருந்தும் வெளியில் தெரியாத தாய்ச்செடி அதைத் துண்டோடு கொடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் தாயின் அடித்தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெண்மைக்கு நடுவே பழுப்புக் கோடோ வளையமோ தெரிந்தால் அந்தச் செடியிலிருந்து துண்டும் வேண்டாம், பதியமும் வேண்டாம்.

பதியம் நிதானமானது. ஒரு செடியில் ஐந்தாறுக்கு மேல் தேறாது, ஆனால் தவறுவது அரிது. வேர் வரும்வரை தாய் ஊட்டிக்கொண்டே இருக்கிறது. பூக்காத பக்கக் கிளையின் நுனியில் நான்கைந்து ஜோடி இலையை விட்டு மீதியை உருவிவிட வேண்டும். ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே தொடங்கி, கணுவைப் பிளந்து மேல்நோக்கி 3 செ.மீ. கீறல். கீறிய நாக்கு விரிந்து நிற்கும்படி மணல் கலந்த மண்ணில் அழுத்தி, வளைத்த கம்பியால் குத்திவையுங்கள். கார்னேஷன் தண்டு கணுவில் எளிதில் ஒடியும்; வளைக்கும்போது கீறலுக்குப் பின்னால் ஒரு விரல் தாங்கலாக இருக்கட்டும். ஆறு வாரம் ஈரம் காயாமல் காத்து, பிறகு தாயிடமிருந்து வெட்டிவிடுங்கள். உடனே பிடுங்க வேண்டாம். இன்னும் பத்து நாள் அங்கேயே நின்று தன் வேரில் பிழைக்கப் பழகட்டும்.

அரிய வகையில் ஒரே செடிதான் இருக்கிறது, அதற்கும் வயதாகிவிட்டது என்றால் முதலில் பதியம் போடுங்கள். அதில் கிளம்பும் இளஞ்செடியிலிருந்து அடுத்த ஆண்டு தண்டுத் துண்டு எடுத்துப் பெருக்கிக்கொள்ளலாம்.