ஃப்ரீரெனா, டஞ்சனா: முதல் தொகுதி எதை வாங்கலாம்?

கும்பகோணத்தில் எங்கள் நாலு பேருக்குள் ஃப்ரீரென், டெலிஷியஸ் இன் டஞ்சன் என்ற இந்த இரண்டு மங்காவும் (ஜப்பானியப் படக்கதைகள்) கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர்களுக்கு:

தொடக்கம்
ஃப்ரீரென்: மற்ற கதைகள் முடியும் இடத்தில் ஆரம்பம். அரக்க மன்னனைக் கொன்றாயிற்று, பத்து வருடப் பயணம் முடிந்தது.
டெலிஷியஸ் இன் டஞ்சன்: தங்கையை டிராகன் விழுங்கிவிட்டது. கையில் காசில்லாத அண்ணன், வழியில் சிக்கும் பூதங்களைச் சமைத்துத் தின்றபடி மீட்கப் போகிறான்.

வேகம்
ஃப்ரீரென்: அறுவடை முடிந்த வயல் மாதிரி நிதானம். ஐம்பது வருடம் கழித்து, அந்தப் பயணத்தில் கூட வந்த வீரன் ஹிம்மெல் வழுக்கைத் தலையோடு வந்து நிற்கிறான். பல நூறு வருடம் வாழும் எல்ஃப் இனத்து ஃப்ரீரென் அப்படியே இருக்கிறாள். அவனைச் சரியாகத் தெரிந்துகொள்ளவே இல்லையே என்று அவன் இறுதிச் சடங்கில்தான் அவளுக்கு உறைக்கிறது. நண்பர் ஒருவர் "தூக்கம் வருது" என்று திருப்பித் தந்தார். அதையே என் அக்கா அழுதுகொண்டே முடித்தாள். நான் அக்கா கட்சி.
டஞ்சன்: கலகல. முதல் அத்தியாயத்திலேயே தேளும் நடக்கும் காளானும் அடுப்பேறுகின்றன.

செலவு
டஞ்சன் 14 தொகுதியில் முடிந்துவிட்டது. 2020-ல் தொடங்கிய ஃப்ரீரெனுக்குப் பணம் எடுத்துவைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, யாருக்கு எது? சாப்பாட்டுப் பிரியர்களுக்கு டஞ்சன். தாத்தாவிடம் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே என்று நினைப்பவர்களுக்கு ஃப்ரீரென். அப்புறம், இரண்டுமே வலமிருந்து இடம். நான் முதல் நாள் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.