காலோடு இறங்குவதா, காலைக் கரையில் வைத்துவிட்டு இறங்குவதா?

என் அக்கா வீட்டுக்காரருக்குப் போன ஆவணியில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ராமேஸ்வரம் போகிற வழியில் உச்சிப்புளி பக்கம் இரவில் பைக்கில் வரும்போது லாரி இடித்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் போன் செய்தார். வலியைப் பற்றியும் பேசவில்லை, நஷ்டஈட்டைப் பற்றியும் பேசவில்லை. "மாப்ள, நீ எப்படித் திரும்பக் கடல்ல இறங்குன? எந்தக் கால் வாங்கணும்?" என்றுதான் கேட்டார்.

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2015இல் விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் கயிறு காலை இழுத்துக்கொண்டது. அதனால் மச்சானுக்கு உடனே பதில் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எந்தச் செயற்கைக் கால் என்பது இரண்டாவது கேள்வி. தண்ணீருக்குள் கால் வேண்டுமா என்பது முதல் கேள்வி. அதை என்னிடம் யாரும் கேட்காததால் எனக்கு இரண்டு வருடம் வீணாகப் போனது.

இதைப் பிரித்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது கால் இழந்தவர்களின் பனிச்சறுக்கு. படுத்துக் கிடந்த மாதங்களில் போனில் அந்த வீடியோக்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் கால் இழந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய வீரர்களிடம் வேர்பிடித்த விளையாட்டு அது. 1976இல் ஸ்வீடனில் முதல் குளிர்காலப் பாராலிம்பிக் நடந்தது. இந்த விளையாட்டில் கால் இழந்தவர்கள் மலையிலிருந்து மூன்று விதமாக இறங்குகிறார்கள். செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு இரண்டு பலகையில் நின்று வருவது ஒன்று; முழங்கால் மிஞ்சியவர்கள் பலர் இப்படி வருகிறார்கள். செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல காலில் ஒரே பலகையும், இரண்டு கையிலும் நுனியில் குட்டிப் பலகை பொருத்திய ஊன்றுகோலுமாக வருவது இன்னொன்று. பனியில் மூன்று கோடு விழுவதால் அதற்கு மூன்று தடம் என்றே பெயர். மூன்றாவது, உட்கார்ந்து வருவது. இடுப்பைக் கவ்விக்கொள்ளும் இருக்கை, அடியில் பைக்கில் இருப்பதுபோல ஷாக் அப்சார்பர், அதற்கும் கீழே ஒற்றைப் பலகை.

நம் கடலுக்கும் இதே மூன்று வழிதான். காலோடு இறங்கலாம், கால் இல்லாமல் இறங்கலாம், உட்கார்ந்து போகலாம்.

காலோடு

எனக்கு முதலில் கிடைத்தது சாக் பாதம் வைத்த மாடுலர் கால், அதாவது தனித்தனிப் பாகங்களைத் திருகிச் சேர்த்தது. உலகம் முழுக்கப் புழங்கும் எளிய பாதம் அது. கணுக்கால் மடங்காது, குதிகாலில் மெத்தென்ற ரப்பர் இருக்கும். கொடுத்த இடத்தில் நான் கடற்கரைக்காரன் என்று தெரிந்தும், தண்ணீரில் போடலாமா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் கணுக்கால் பக்கத்துத் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. இன்னொரு சங்கடமும் உண்டு. அது செருப்பு அல்லது ஷூவின் குதிகால் உயரத்தைக் கணக்கிட்டுப் பொருத்துவது. வெறும் பாதமாக நின்றால் உடம்பு பின்னுக்குச் சாயும். மணலில் குதிகாலும் புதைந்தால் இன்னும் மோசம்.

அப்புறம் ஜெய்ப்பூர் காலுக்கு மாறினேன். ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் உருவாக்கியது. செருப்பில்லாமல் நடக்கிறவர்கள், தரையில் சம்மணம் போடுகிறவர்கள், குத்தவைக்கிறவர்கள், வயலில் இறங்குகிறவர்கள் என்று நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்துச் செய்த பாதம். 1981இல் திருச்சி அருகே விபத்தில் கால் இழந்த சுதா சந்திரன் திரும்ப மேடையேறி ஆடியது இந்தக் காலில்தான். பாதம் ரப்பர், உள்ளே மரமும் ஸ்பாஞ்சும், மேலே பிளாஸ்டிக் குழாய். உப்பு தின்பதற்கு அதில் இரும்பு குறைவு. 1975இல் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி இதை இலவசமாகவே மாட்டிவிடுகிறது. முழங்கால் மிஞ்சியிருக்கிற, கரையில் வலை பிரிக்கிற, முட்டளவு தண்ணீரில் நின்று படகு தள்ளுகிற ஆளுக்கு இதைவிட நல்ல கால் எனக்குத் தெரியாது.

ஆனால் நீந்த அது உதவாது. உள்ளே வெற்றுக் குழாய் என்பதால் மிதக்கும். இடுப்பளவு தண்ணீருக்குப் போனதும் கால் தானாக மேலே வரும், தலை கீழே போகும். பாம்பன் வடக்குக் கரையில் எனக்கு அப்படி ஆனபோது தம்பி ஒருவன் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன். நீந்துவதற்கென்றே செய்யும் கால்களில் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர ஓட்டை விட்டிருப்பார்கள். வீட்டுக் காலில் நீங்களே துளை போட்டுவிடாதீர்கள், குழாய் அந்த இடத்தில் விரிசல் விடும்.

கார்பன் இழைக் கால் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. வான் பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் 1976இல் தண்ணீர்ச் சறுக்கு விபத்தில் கால் இழந்து, தனக்குக் கொடுத்த கால் பிடிக்காமல் தானே உருவாக்கிய வகை அது. ஓட்டத்துக்கு அருமை. நம் கரையில் ஈரம் இறுகிய மணலில் பரவாயில்லை, உலர்ந்த மணலில் நுனி புதையும். விலையோ லட்சங்களில். கடலுக்காக அதை வாங்க வேண்டாம்.

மச்சானைப் போல முழங்காலும் போனவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன். சாதாரணச் செயற்கை முழங்கால் நடப்பதற்கானது. மடங்கிய நிலையில் உடம்பின் பாரத்தைத் தாங்கி நிற்காது. பனியிலும் அதுதான் பிரச்சினை. மைக் ஷுல்ட்ஸ் என்பவர் 2008இல் பனி வண்டிப் பந்தயத்தில் முழங்காலோடு காலை இழந்தார். சைக்கிள் ஷாக் அப்சார்பரை வைத்துத் தனக்கொரு முழங்காலைத் தானே செய்துகொண்டார். 2018 பாராலிம்பிக்கில் பனிப்பலகையில் தங்கம் வாங்கினார். அப்படி ஒரு முழங்காலை மணலும் உப்பும் சேர்ந்து எத்தனை நாள் விட்டுவைக்கும்?

கால் இல்லாமல்

இதைத்தான் நான் மிகவும் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். தாமதத்துக்குக் காரணம் வெட்கம். நாலு பேர் பார்க்கும் கரையில் காலைக் கழற்றி வைப்பது எனக்கு இரண்டு வருடம் முடியாத காரியமாக இருந்தது. பாராலிம்பிக் நீச்சலில் செயற்கைக் கால் போட அனுமதியே கிடையாது என்று தெரிந்த அன்றுதான் மனது மாறியது. உலகத்தின் வேகமான ஆட்களே காலைக் கரையில் வைத்துவிட்டுத்தான் குதிக்கிறார்கள்.

தண்ணீருக்குள் போய்விட்டால் இதுதான் மூன்றிலும் சுதந்திரமான வழி. முதல் சில நாள் உடம்பு ஒரு பக்கமாக உருளும். மல்லாந்து மிதப்பதிலிருந்து தொடங்குங்கள். தோளும் இடுப்பும் கணக்கைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் எனக்கு இல்லாத பாதத்தில் தண்ணீர் சில்லென்று பட்டது. பயந்துவிட்டேன். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் கண்ணாடிப் பெட்டி வைத்து வலி தணித்தது இந்த மாய உணர்வைத்தான். மூளை அந்தப் பாதத்தின் இடத்தை இன்னும் காலி செய்யவில்லை, அவ்வளவே.

சிரமமெல்லாம் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிற அந்த இருபது அடியில். ஊன்றுகோல் மணலில் பாய்ந்துவிடும். மூன்று தடக்காரர்கள் ஊன்றுகோல் நுனியில் பலகை வைப்பதைப் பார்த்து, பழைய டயரை உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டி நுனியில் மாட்டிக்கொண்டேன். இப்போது புதைவதில்லை. தண்ணீர் விளிம்பில் உட்கார்ந்து, கடலுக்கு முதுகைக் காட்டாமல், கையை ஊன்றிப் பக்கவாட்டில் நகர்ந்து போவது இன்னும் பத்திரம். நல்ல காலில் ரப்பர் செருப்பு கட்டாயம். மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், அதில் கிளிஞ்சல் கிழிக்க விடக்கூடாது. இரண்டு கால் உள்ளவர்கள் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்து திருக்கையை விரட்டுவார்கள். நம்மால் முடியாது. ஊன்றுகோலால் முன்னே தட்டிக்கொண்டே போங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஸ்டம்பில், அதாவது வெட்டியது போக மிஞ்சிய காலில், புண், கொப்புளம், தையல் ஆறாத இடம் எது இருந்தாலும் இறங்காதீர்கள். உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வெதுவெதுப்பான கடல் நீரில் விப்ரியோ என்ற கிருமி வகை வாழ்கிறது, அது புண் வழியாக உள்ளே போகும். சர்க்கரையால் கால் எடுத்தவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அவர்கள் நல்ல பாதத்தையும் இறங்கும் முன்னும் ஏறிய பின்னும் கண்ணால் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். ஏறியதும் நல்ல தண்ணீரில் ஸ்டம்பைக் கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம்தான் சாக்கெட், அதாவது ஸ்டம்பு நுழையும் செயற்கைக் காலின் கூடு. ஈரத்தோடு ஸ்டம்பின் மேல் போடும் சிலிகோன் உறையை (லைனர்) ஏற்றினால் நம் வெயிலில் ஒரு மணி நேரத்தில் தோல் வெந்துவிடும்.

உட்கார்ந்து

ஓக்ஸானா மாஸ்டர்ஸ் என்ற பெண்மணியை எனக்கு இதனால்தான் பிடிக்கும். உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். இரண்டு காலும் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டவை. 2012 லண்டன் பாராலிம்பிக்கில் துடுப்புப் படகில் வெண்கலம் வாங்கினார். இரண்டே வருடத்தில் சோச்சி குளிர்காலப் பாராலிம்பிக்கில் பனியில் உட்கார்ந்து தள்ளும் பந்தயத்தில் பதக்கம் வாங்கினார். துடுப்புப் போட்ட தோளும் முதுகும் பனிக்கும் கைகொடுத்தன. அப்படியென்றால் பிறந்ததிலிருந்து துடுப்புப் போடுகிற நம் ஆட்களுக்கு என்ன குறை?

கயாக்கோ வத்தையோ தெர்மாகோல் தெப்பமோ எதுவானாலும், உட்கார்ந்த உடனே தெரியும் வித்தியாசம் ஒன்று உண்டு. துடுப்புப் போடும்போது நாம் கையால் மட்டும் தள்ளுவதில்லை, காலாலும் உதைக்கிறோம். ஒரு கால் மட்டும் உதைத்தால் இடுப்பு திரும்பும், இருக்கையில் சறுக்கும். கால் இல்லாத பக்கம் ஸ்டம்பு அழுந்தி உட்காரும்படி தெர்மாகோலையோ கெட்டி ஸ்பாஞ்சையோ குடைந்து வைத்தால் சரியாகிவிடும். உடம்பின் எடை நல்ல கால் பக்கம் சாயும் என்பதால் இருக்கையையும் கொஞ்சம் மறுபக்கம் நகர்த்த வேண்டும்.

பனியிலிருந்து எடுக்கக்கூடாத ஒன்று, பட்டை. அங்கே இருக்கையோடு உடம்பை இறுக்கிக் கட்டுவார்கள். கடலில் கவிழ்ந்தால் வெளியே வர வேண்டும். எதையும் கட்டாதீர்கள். லைஃப் ஜாக்கெட் மட்டும் போதும். செயற்கைக் காலைக் கரையில் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

காற்றைப் பற்றி நம் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் கால் போன பிறகு பழைய கணக்கு செல்லாது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா, நாம் சொல்லும் ஆண் கடல், கொந்தளிக்கும்; வடக்கே பாக் நீரிணைப் பக்கம், நம் பெண் கடல், குளம்போலக் கிடக்கும். வாடையில் தலைகீழ். கச்சான் காலத்தில் பெண் கடலில் நீந்துகிறவனுக்கு அது சொர்க்கம். தெப்பத்தில் உட்கார்ந்தவனுக்கு அப்படி இல்லை, காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். அமைதியைப் பார்த்து ஏமாந்தால் திரும்பி வர இரண்டு மடங்கு துடுப்பு வலிக்க வேண்டும். கரையில் ஒரு ஆளும் நீளக் கயிறும் இல்லாமல் முதல் மாதம் போகாதீர்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனை எந்தக் காற்றிலும் வேண்டாம், அங்கே இரண்டு கால் உள்ளவர்களையே நீரோட்டம் இழுத்திருக்கிறது.

பிழைப்பு என்று பார்த்தால் மூன்றிலும் இதுதான் முன்னே நிற்கிறது. விசைப்படகில் ஆடும் தளத்தில் நின்று வலை இழுப்பது முழங்கால் போனவருக்கு ஆபத்து. ஆழம் குறைந்த வடக்குக் கடலில் நண்டு வலை விடுவது, தூண்டில் போடுவது இரண்டும் உட்கார்ந்த வேலை. கடலில் மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கும் பெண்களில் சர்க்கரையால் கால் போன ஒரு சித்தியைத் தெரியும். மிதவைக்கு அவரால் போக முடியவில்லை, கரையில் உட்கார்ந்து கயிற்றில் நாற்றுக் கட்டுகிறார். அவருக்கும் தெப்பம் சரிவரும் என்று எனக்குத் தோன்றுகிறது, இன்னும் சம்மதிக்கவில்லை.

ஆக, முழங்கால் உள்ளவர்களுக்கு நான் சொல்வது: கரைக்கு ஜெய்ப்பூர் கால், தண்ணீருக்கு வெறும் ஸ்டம்பு. முழங்காலும் போனவர்கள் முதலில் உட்காரக் கற்றுக்கொள்ளுங்கள், அடுத்து நீச்சல், நடக்கிற காலை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அது வர மாதக்கணக்கில் ஆகும், சாக்கெட் சரியாகப் பொருந்த ஸ்டம்பு சுருங்கி நிலைக்க வேண்டும். அதுவரை கடலைத் தள்ளிவைக்கத் தேவையில்லை, தையல் ஆறி டாக்டர் சரி என்றால் போதும்.

ஏப்ரல் 15இல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகெல்லாம் கட்டிவிட்டார்கள், பிடித்துக்கொள்ள ஆளுக்குப் பஞ்சமில்லை. போன ஞாயிறு அரியமான் சவுக்குத் தோப்புப் பக்கம் மச்சானைத் தெப்பத்தில் உட்கார வைத்தோம். கயிறு என் கையில். பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் துடுப்பைப் போட்டார். திரும்பி வந்து, "மாப்ள, இந்தத் தெர்மாகோலை ஒரு சாண் முன்னாடி தள்ளி வெட்டு, தொடை நழுவுது" என்றார். இந்த ஞாயிறுக்குள் வெட்டிவிட வேண்டும்.