மறிமாயம்: நாற்காலி மாறினாலும் மாறாத சத்தியசீலன்

மழவில் மனோரமா தொலைக்காட்சியில் 2011 முதல் வந்துகொண்டிருக்கும் ‘மறிமாயம்’ என்ற மலையாள நகைச்சுவை நிகழ்ச்சியைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். மறிமாயம் என்றால் தந்திரம், கண்கட்டு வித்தை என்று பொருள். அரசு அலுவலகத்தின் படியேறும் சாதாரண மனிதர் ஒரு கையெழுத்துக்காகப் படும் பாடுதான் இதன் களம். ஒவ்வொரு பகுதியும் தனிக்கதை என்பதால், முந்தைய வாரத்தைத் தவறவிட்டவர்கள்கூட எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கத் தொடங்கலாம்.

இந்த நிகழ்ச்சியை நான் மனமாரப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் மணிகண்டன் பட்டாம்பி நடிக்கும் சத்தியசீலன் என்ற பாத்திரம். ஒரு வாரம் கிராம அலுவலகத்தில் இருப்பவர் அடுத்த வாரம் வேறொரு துறையில், வேறொரு பதவியில் இருப்பார். ஆனால் பெயரும் சுபாவமும் அப்படியே இருக்கும். பதினைந்து துறைகளுக்குப் பதினைந்து பாத்திரங்களை உருவாக்கியிருந்தால் அவர்களை ஒரே வாரத்தில் மறந்திருப்போம். ஒரே மனிதரை எல்லா நாற்காலிகளிலும் மாற்றி மாற்றி உட்காரவைத்ததால், நாம் அலுத்துக்கொள்வது ஒரு தனி அலுவலரைப் பற்றி அல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் போனதும் மனிதருக்கு வந்துவிடும் ஒரு குணத்தைப் பற்றி என்பது நன்றாக விளங்குகிறது. உண்மையையே இயல்பாகக் கொண்டவன் என்று பொருள்படும் பெயரை அவருக்கு வைத்திருப்பதைத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர் கோப்பைப் புரட்டிக்கொண்டே பேசும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பதில் தயாராகிவிட்டது என்பது அந்த விரல்களிலேயே தெரியும். சீதளனாக வரும் நியாஸ் பக்கரும், மொய்துவாக வரும் வினோத் கோவூரும் அவருக்கு ஈடுகொடுத்து நடிக்கிறார்கள். மொய்து பேசும் மலபார் வழக்கு தெற்கே இருக்கும் நமக்கு முதலில் பிடிபடாது. இரண்டு மூன்று பகுதிகள் பார்த்தபின் அதுவே இனிக்கத் தொடங்கும். லோலிதனாகவும் மண்டோதரியாகவும் நடித்த எஸ்.பி. ஸ்ரீகுமாரும் ஸ்நேகாவும் 2019-இல் உண்மையிலேயே மணம்செய்துகொண்ட செய்தியை எங்கள் தெருவில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம்போலப் பேசினார்கள்.

சென்ற ஆண்டு, அப்பா பெயரில் இருந்த பதினோரு சென்ட் நிலத்தை அம்மையின் பெயருக்கு மாற்றுவதற்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். தீர்வை ரசீது கொண்டுபோனால் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அதையும் வாங்கிக்கொண்டு போனபோது, பழைய பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது, தமிழாக்கம் வேண்டும் என்றார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன் திருவிதாங்கூரோடு இருந்த மண்ணில் பழைய பத்திரம் மலையாளத்தில் இருப்பது புதுமையல்லவே என்று நான் சொன்னது அங்கே எடுபடவில்லை. அன்று இரவு கிராம அலுவலகத்தில் நடக்கும் பழைய பகுதி ஒன்று மறுஒளிபரப்பானது. நாம் பட்டா மாறுதல் என்பதை அவர்கள் ‘போக்குவரவு’ என்கிறார்கள். அதைக் கேட்டதும் அம்மை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. “மக்களே, பேரை வச்சவன் தெரிஞ்சுதான் வச்சிருக்கான். போக்கும் வரவுமாத்தானே நீ நடக்க” என்றார். ஏழு நாள் அலைச்சலின் கனம் அந்த ஒரு சிரிப்பில் இறங்கியதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. சில பகுதிகளில் கடைசி இரண்டு நிமிடத்தில் நியாயத்தை வாய்விட்டு எடுத்துச் சொல்லிவிடுகிறார்கள். நடிப்பே சொல்லிமுடித்த ஒன்றை வசனம் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பை நினைவூட்டும் பின்னணி ஒலிகளையும் குறைத்திருக்கலாம். மணிகண்டன் பட்டாம்பியும் சலீம் ஹசனும் இயக்கி, இதே நடிகர்கள் சேர்ந்து நடித்து 2024-இல் வந்த ‘பஞ்சாயத்து ஜெட்டி’ திரைப்படம் எனக்கு இந்தச் சின்னத்திரைப் பகுதிகளின் அளவுக்கு நெருக்கமாகப் படவில்லை. சத்தியசீலனுக்கு ஒரு மேசையும் எதிரே நிற்கும் ஒருவரும் போதும்.

எங்கள் மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு மொழி ஒரு தடையே அல்ல. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்தவர்கள் முதல் நாள் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். கேபிளில் மலையாள அலைவரிசைகள் இல்லாதவர்கள் யூடியூபிலும் மனோரமா மேக்ஸ் செயலியிலும் பார்க்கலாம். கிராம அலுவலகத்தில் நடக்கும் பழைய பகுதிகளிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது நடையில் அம்மையின் பெயருக்குப் பட்டா வந்துவிட்டது. அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்குச் சத்தியசீலன் எந்த ஆபீசில் இருக்கிறார் என்றுதான் அம்மை முதலில் கேட்டார்.